இங்கே இடம் இருக்கிறதா?



ஜெர்மானிய நாட்டில் நான் கழித்த மூன்று ஆண்டுகளைப் பற்றிப் பேசவேண்டும் என்று உங்கள் சங்கத்தின் செயலாளர் கேட்டுக்கொண்டபொழுது, அந்நாட்டுத் தொழிற்சாலைகளைப் பற்றியோ, போரில் இடிந்து கிடந்த நகரங்களை அம்மக்கள் கல் கல்லாக எடுத்துக் கட்டிய அதிசயத்தைப் பற்றியோ நான் பேசுவேன் என்றே அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆனால் ஒரு ஜனசமூகத்தின் மனத்தை அறிய விரும்புகிறவன், அவர்களுடைய உலைக்களங்களைக் காண்பதைக் காட்டிலும், வேலை முடிந்து கை கழுவிய பிறகு அவர்கள் எங்கே போகிறார்கள், யாருக்கு அருகில் உட்காருகிறார்கள், எழுந்து போகும்பொழுது என்ன சொல்லி விடைபெறுகிறார்கள் என்பவற்றைக் காண்பதே மேல் என்பது என் அனுபவமாதலால், சிநேகிதர்களுடன் ஒரு ஜெர்மானிய உணவு விடுதியில் உண்ணப் போவது என்னும் விஷயத்தையே இன்று மாலை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவ்விடுதிக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். 'காஸ்ட்ஹவுஸ்' என்பது அப்பெயர். 'ஹவுஸ்' என்றால் வீடு. 'காஸ்ட்' என்றால் விருந்தாளி. விலை கொடுத்து உண்ணும் இடத்திற்கு விருந்தாளி வீடு என்று பெயர் வைத்திருப்பது முதலில் எனக்கு வியப்பாகவே இருந்தது. 'காஸ்ட்' என்னும் சொல்லுக்குப் பழைய ஜெர்மன் மொழியில் 'அயலான்' என்பது பொருள் என்று பிற்பாடு அறிந்துகொண்டேன். நம்முடைய 'விருந்து' என்னும் சொல்லும் ஆதியில் புதுமையையே குறித்தது. தொல்காப்பியச் செய்யுளியலில் விருந்து என்பது புதிதாகச் செய்யப்படும் நூலுக்குப் பெயராக நிற்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். அவர்களுக்கு அயலானாக இருந்தவனும் நமக்குப் புதியவனாக இருந்தவனும், இருவேறு கண்டங்களில், இருவேறு மொழிகளில், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்த மாத்திரத்தில் விருந்தாளி ஆகிவிட்டார்கள். இந்த ஒற்றுமையை நினைக்கும்பொழுதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. அந்த நெகிழ்ச்சி ஜெர்மானிய சரித்திரத்தின் ஒரு பகுதியில் எவ்வளவு கடுமையாகச் சோதிக்கப்பட்டது என்பதையும் பின்னால் சொல்லவேண்டியிருக்கிறது.

நான் சென்று இறங்கியது பவேரியாவின் தலைநகரான மியூனிக், 1960-களின் தொடக்கம். ஆலைகளுக்கு ஆள் போதாமல் மேற்கு ஜெர்மனி 1955-இல் இத்தாலியோடும், 1960-இல் ஸ்பெயினோடும் கிரேக்கத்தோடும், 1961-இல் துருக்கியோடும் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்த காலம் அது. தெற்கிலிருந்து வந்த ரயில்கள், கயிற்றால் கட்டிய பெட்டிகளைத் தோளில் சுமந்த இளைஞர்களை மியூனிக் பெரிய ரயில் நிலையத்தின் 11-ஆம் நடைமேடையில் நாள்தோறும் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன. அவர்களுக்கும் 'காஸ்ட்' என்ற அதே சொல்லை முன்னால் வைத்து, 'விருந்தாளித் தொழிலாளி' என்று பெயரிட்டிருந்தார்கள். நான் வேலை செய்த பட்டறையில் எனக்கு வலப்புறம் நின்று கடைசல் இயந்திரம் ஓட்டியவர் அவ்வாறு வந்த கிரேக்க இளைஞர். இடப்புறம் நின்றவர் தலைமுறை தலைமுறையாக அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த பவேரியர். இவர்களோடு, பவேரியரின் அண்டை வீட்டுக்காரரும் எங்களைவிட இருபது வயது மூத்தவருமான ஓர் அச்சுக்கோப்பாளரும் சேர்ந்துகொள்ள, நாங்கள் நால்வர் ஆனோம். இந்த நால்வர் வெள்ளிக்கிழமை மாலைகளில் உட்கார்ந்த ஒரு மேசையிலிருந்துதான் நான் சொல்லப்போகும் எல்லாம் பிறக்கின்றன.

முதல் வெள்ளிக்கிழமை எனக்கு நல்லபடியாகக் கழியவில்லை. "இன்று மாலை நாம் சாப்பிடப் போவோமா?" என்று பவேரிய நண்பர் கேட்டார். நம் நாட்டில் ஒருவர் மற்றொருவரைப் பார்த்து, "வாருங்கள், சாப்பிடப் போவோம்" என்று வாய் திறந்து சொல்லிவிட்டால், இலை போடுவதிலிருந்து வெற்றிலைத் தட்டு வரை சொன்னவர் பொறுப்பு என்பது எழுதாத சட்டமல்லவா? அந்தச் சட்டத்தையே துணையாகக் கொண்டு, டிராம் வண்டிக்கான சில்லறையும் இரண்டு மார்க் நாணயமும் மட்டும் சட்டைப்பையில் இருக்க, நான் உற்சாகத்தோடு அவர்களுடன் நடந்தேன்.

கதவைத் திறந்ததும் குளிர் உள்ளே புகாதபடி கனத்த திரை ஒன்று தொங்கியது. அதை விலக்கினால், நெஞ்சளவு உயரத்திற்குச் சுவர் முழுவதும் மரப்பலகை. மூலையில் பச்சை ஓடு பதித்த பெரிய கணப்பு அடுப்பு. ஆணியில் வரிசையாக மாட்டிய ஈரக் கோட்டுகள். வறுத்த வெங்காயமும் பன்றிக் கொழுப்பும் மெழுகிட்ட மரமும் கலந்த ஒரு வாசனை. எங்களை வரவேற்று இடங்காட்ட யாரும் வரவில்லை. மேசைகள் நம் ஊர் ஹோட்டல்களில் உள்ளவைபோலச் சிறு சிறு சதுரங்களாக இல்லாமல், எட்டுப் பேரும் பத்துப் பேரும் அமரத்தக்க நீண்ட பலகைகளாகக் கிடந்தன. அவற்றுள் ஒன்றில் ஒரு முதிய தம்பதி ஒரு கோடியில் அமர்ந்து சூப் அருந்திக்கொண்டிருக்க, மற்ற இடம் காலியாக இருந்தது. பவேரிய நண்பர் நேரே அங்கே சென்று, தலையைச் சற்றே தாழ்த்தி, "இஸ்ட் ஹியர் நோக் ஃப்ரை?" என்று கேட்டார். "இங்கே இன்னும் இடம் இருக்கிறதா?" என்பது அதன் பொருள். இடம் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது; இருந்தும் கேட்டார். கிழவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஆம், உட்காருங்கள்" என்று சொல்லி, வேண்டாதபோதிலும் தம் தட்டைச் சற்றே தம் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

அன்பர்களே, அந்தத் தட்டு நகர்ந்த அங்குல தூரத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது. அந்தத் தம்பதி அதற்குப் பிறகு எங்களோடு சம்பாஷிக்கவில்லை. நாங்களும் அவர்களோடு சம்பாஷிக்கவில்லை. எங்கள் ஆகாரம் வந்தபொழுது மட்டும் அந்த அம்மையார் எங்கள் பக்கம் திரும்பி, "நன்றாகப் பசித்து உண்ணுங்கள்" என்னும் பொருள்பட வாழ்த்தினார். எழுந்து போகும்பொழுது இருவரும் விடைசொல்லிக்கொண்டு போனார்கள். அவ்வளவே. பேச்சுக்கு வற்புறுத்தாமலும், அயலானை அயலானாக ஒதுக்காமலும் ஒரே பலகையைப் பகிர்ந்துகொள்ளும் இந்த நாகரிகத்தை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

பரிமாறும் பெண்மணி வந்தார். நான் தண்ணீர் கேட்டேன். புட்டியில் அடைத்த, குமிழி விடும் ஊற்று நீர் ஒன்று வந்தது. அதற்கும் விலை உண்டு என்று கிரேக்க நண்பர் காதோடு சொன்னார். வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் 'வாருங்கள்' என்றே சொல்லும் தேசத்திலிருந்து போனவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மனத்தில் சுருக்கென்றது, அதை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. மூன்று ஆண்டுகளிலும் அந்த ஒரு வழக்கத்தோடு மட்டும் என் மனம் சமாதானம் அடைந்ததில்லை. தாகத்திற்கு விலை வைப்பது தவறு என்றே இன்றும் எண்ணுகிறேன்.

என் தட்டு மற்றவர்கள் தட்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. நான் முள்கரண்டியை எடுக்கப் போனேன். மற்ற மூவரும் தங்கள் கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதைக் கண்டு நானும் நிறுத்திக்கொண்டேன். கடைசித் தட்டு வந்து இறங்கும்வரை ஒருவரும் தொடவில்லை. பிறகு பானக் குவளைகளை உயர்த்தினார்கள். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் குவளையைத் தொட்டு, தொடும் கணத்தில் எதிரில் இருப்பவரின் கண்ணை நேராகப் பார்த்து, 'ப்ரோஸ்ட்' என்றார்கள். நான் மது அருந்தும் வழக்கம் இல்லாதவன். ஆப்பிள் பழச்சாற்றில் ஊற்று நீர் கலந்த பானமே என் கையில் இருந்தது. அதற்காக அன்று மட்டுமன்றி ஒருபொழுதும் எவரும் என்னை வற்புறுத்தவோ குறை கூறவோ இல்லை. பானம் எதுவாயினும் சரி, கண்ணைப் பாராமல் குவளையைத் தொட்டால்தான் அவர்களுக்கு மனத்தாங்கல்.

இரண்டரை மணி நேரம் கழிந்தது. பெண்மணி, இடுப்பில் கட்டிய பெரிய தோற்பையோடு வந்து நின்று, "சேர்த்தா, தனித்தனியாகவா?" என்று கேட்டார். "தனித்தனி" என்றார் என்னை அழைத்து வந்த நண்பர், ஒரு கணமும் யோசியாமல். ஒவ்வொருவரும் தாம் உண்டதை வாயால் சொல்ல, அவர் பென்சிலால் கூட்டி, பணம் வாங்கி, சில்லறை கொடுத்துக்கொண்டே என் பக்கம் வந்தார். என்னிடம் இருந்ததோ இரண்டு மார்க்கும் டிராம் காசும். முகம் சிவந்து நின்ற என்னை அச்சுக்கோப்பாளர் கவனித்துவிட்டு, மேசைக்கு அடியில் ஒரு நோட்டை என் கையில் வைத்தார். அன்றிரவு, இவர்கள் சிநேகத்தையும் தராசில் நிறுக்கும் ஜனங்கள் என்று மனம் வெதும்பியபடியே படுத்தேன்.

அடுத்த வாரம் கடனைத் திருப்பிக் கொடுக்கப் போனபொழுதுதான் அந்தப் பெரியவர் எனக்கு ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தார். "சாப்பிடப் போவோம் என்று சொன்னால், நாம் எல்லோரும் சேர்ந்து நடப்போம் என்று பொருள். 'ஐன்லாடன்' என்ற வேறொரு சொல் இருக்கிறது; அந்தச் சொல்லைச் சொன்னவன்தான் செலவுக்கு உரியவன். பிறந்த நாள் யாருக்கோ, அவன் அதைச் சொல்வான். மகன் பிறந்தால் சொல்வான். தினந்தோறும் அதைச் சொன்னால், நாளைக்கு வர முடியாதவன் ஒருவன் நமக்குள் உண்டாகிவிடுவானே!" என்றார். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் பல இரவுகள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். நால்வரில் கிரேக்க நண்பருடைய சம்பளத்தில் பாதி ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. மற்றவர் செலவில் மூன்று வாரம் உண்டிருந்தால் நான்காம் வாரம் அவர் வந்திருக்க மாட்டார். வேலை இருக்கிறது என்று ஏதாவது சொல்லியிருப்பார். தனித்தனிக் கணக்கு இருந்ததாலேயே, அவர் ஒரு கிண்ணம் பயறு சூப்போடு நிறுத்திக்கொண்டு, மற்றவர்களோடு சரிசமமாக இரவு பத்து மணி வரை உட்கார முடிந்தது. சேர்ந்து உண்பவர்களுள் எவனும் எவனுக்கும் கடன்பட்டவனாகாமல் இருப்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. நம்முடைய வள்ளன்மை மிகப் பெரியது. அதை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் திருப்பிச் செய்ய வகையற்றவன் நம் பந்தியிலிருந்து சிறிது சிறிதாக விலகிப்போவதை நாம் பார்த்தும் பாராமல் இருந்திருக்கிறோம் என்பதை அந்த நாட்டில் இருந்தபொழுதுதான் உணர்ந்தேன்.

கணக்கு அவ்வளவு கறாராக இருப்பினும் அது நம்பிக்கையின்மேல் நிற்கும் கணக்கு என்பதையும் சொல்லவேண்டும். மேசை நடுவில் ஒரு கூடை இருக்கும். அதில் முடிச்சுப் போட்ட கயிறுபோல முறுக்கிச் சுட்டு, உப்புப் பரல் தூவிய பிரெட்ஸெல் ரொட்டிகள் அடுக்கியிருக்கும். யார் எத்தனை எடுத்தார்கள் என்று ஒருவரும் குறித்துக்கொள்வதில்லை. கடைசியில் உண்டவரே சொல்லவேண்டும். பானங்களுக்கோ, குவளையின் அடியில் வைக்கும் வட்டமான காகித அட்டையின் ஓரத்தில் ஒரு குவளைக்கு ஒரு கோடாகப் பென்சிலால் இழுத்து வைப்பார்கள். அந்த அட்டை இரவு முழுவதும் நம்மிடமேதான் இருக்கும். ஒரு நாள் டிராம் நிறுத்தம் வரை வந்துவிட்ட பவேரிய நண்பர், "நான் இரண்டு பிரெட்ஸெல் எடுத்தேன், ஒன்று என்றல்லவா சொல்லிவிட்டேன்!" என்று பதறி, கொட்டும் பனியில் திரும்பி ஓடினார். நாங்கள் மூவரும் வண்டியை விட்டுவிட்டு, அவர் வரும்வரை நின்றிருந்தோம்.

இனி உணவைப் பற்றி. புலால் உண்ணாதவனுக்குப் பவேரியா எளிய பிரதேசம் அன்று. காய்கறிச் சூப் என்று வரும் கிண்ணத்தின் அடியில் மாட்டெலும்பு வேகவைத்த நீர் இருக்கும். வெறும் உருளைக்கிழங்கு என்று கேட்டால் அதன்மேல் பன்றி இறைச்சித் துணுக்குகளை அழகுக்காகத் தூவியிருப்பார்கள். 'சவர்கிரவுட்' என்னும் புளித்த முட்டைக்கோஸ், பெயரளவில் கோஸும் உப்பும் மட்டுமே சேர்ந்தது. மெல்லிய இழைகளாகச் சீவி, உப்பிட்டுப் பிசைந்து, ஜாடியில் அழுத்திக் கல்லேற்றி வைத்தால், காடி ஒரு துளியும் சேராமலே சில வாரங்களில் தானே புளிக்கிறது. நம் பழைய சோற்று நீரைப் புளிக்கவைக்கும் இனத்து நுண்ணுயிர்களே அதையும் புளிக்கவைக்கின்றன. அந்த வாசனையை முதன்முதலில் முகர்ந்தபொழுது எனக்குப் பாட்டியின் நீராகாரப் பானை ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. ஆனால் விடுதிகளில் அதைப் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் வதக்கியே வைப்பதால், அந்த வாசனையோடு நான் திருப்தியடைய வேண்டியிருந்தது.

எனக்கு வழி காட்டியது அந்தப் பரிமாறும் பெண்மணிதான். என் சங்கடத்தை இரண்டாம் வாரமே தெரிந்துகொண்டு, அவர் என்னைச் சமையலறைக் கதவு வரை அழைத்துப் போய், ஷ்வாபிய நாட்டவரான சமையற்காரம்மாளிடம் ஒப்படைத்தார். அந்த அம்மாள் கோதுமை மாவும் முட்டையும் கலந்த தளர்ந்த மாவை ஒரு சிறு மரப்பலகையில் பரப்பி, பலகையைக் கொதிக்கும் நீர்ப் பானையின் விளிம்பில் சாய்த்து, நீண்ட கத்தியால் மின்னல் வேகத்தில் இழை இழையாகச் சீவித் தள்ளினார். இழைகள் நீரில் முழுகி, வெந்ததும் தாமே மேலே மிதந்தன. அவற்றை அரித்தெடுத்து, ஓர் அடுக்கு இழை, ஓர் அடுக்குத் துருவிய பாலாடைக்கட்டி என்று மாற்றி மாற்றிப் போட்டு, மேலே செம்பழுப்பாக முறுகிய வெங்காயத்தைக் கொட்டினார். 'கேஸ்ஷ்பெட்ஸ்லெ' என்று அதற்குப் பெயர். பலகையும் கத்தியும் பழகாதவர்கள் நம் இடியாப்ப உழக்கைப் போன்ற ஓர் அச்சில் இட்டுப் பிழிவதும் உண்டு என்று அவர் காட்டியபொழுது, நான் என் தாயாரின் கையையே கண்டேன். மாவில் முட்டை இருப்பதை அறிந்தே, அவ்வளவு தூரம் என் ஆசாரத்தைத் தளர்த்திக்கொண்டேன். அதன்பின் அங்கே எனக்குப் பட்டினி இல்லை.

அவர்களுடைய உணவில் பருவத்திற்கு இருக்கும் மதிப்பையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வசந்த காலத்தில் மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுக்கும் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டுக்காக அவர்கள் ஆண்டு முழுவதும் காத்திருக்கிறார்கள்; ஜூன் 24-ஆம் தேதி, ஸ்நாபக அருளப்பரின் திருநாள் வந்ததும் அறுவடையை நிறுத்திவிடுகிறார்கள், செடி அடுத்த ஆண்டுக்கு வலுப்பெற வேண்டும் என்பதற்காக. நவம்பர் 11-ஆம் தேதி, புனித மார்ட்டின் திருநாளையொட்டி வாத்து. இவற்றை விரிக்கப் பொழுது இல்லை.

அந்த விடுதியின் அடுப்புக்கு அருகில், நாங்கள் ஒருபொழுதும் உட்காராத வட்ட மேசை ஒன்று இருந்தது. அதன் நடுவில் பித்தளைப் பலகையில் 'ஷ்டாம்டிஷ்' என்று பொறித்திருந்தது. நிலையான அன்பர்களுக்கு உரிய மேசை அது. அதே ஆட்கள், அதே கிழமை, அதே நாற்காலி. விடுதி நிரம்பி வழிந்தாலும் அந்த மேசையில் அழைப்பின்றி ஒருவரும் உட்காருவதில்லை. நம் திண்ணையில் மாலையில் கூடும் பெரியவர்களின் கூட்டத்தை அது எனக்கு நினைவூட்டியதால், அதன்மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, மற்ற இருவரும் வராத நிலையில், அச்சுக்கோப்பாளரிடம் அந்தப் பிரியத்தைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அந்த மேசையில் தம் தகப்பனார் உட்கார்ந்த நாற்காலி எது என்று காட்டினார். அதற்கு அடுத்த நாற்காலியில் ஒரு துணி வியாபாரி, யூதர், பதினைந்து ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தார் என்றார். 1930-களில் 'யூதர்கள் இங்கே விரும்பப்படுவதில்லை' என்ற பலகைகள் நாடெங்கும் விடுதி வாசல்களில் தொங்கத் தொடங்கின. "ஒரு வியாழக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த வியாழக்கிழமையும் வரவில்லை. அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். என் தகப்பனார் எழுந்து வந்துவிடவில்லை. தம் குவளையைக் காலி செய்துவிட்டே வந்தார். நான் அப்பொழுது சிறுவன், அவரை அழைத்துப் போக இந்த வாசலில் நின்றுகொண்டிருந்தேன்" என்றார்.

சபையோரே, அந்த நகரத்து விடுதிகளின் சரித்திரத்தை இந்த அத்தியாயம் இன்றிச் சொல்வது அதர்மம். 1589-இல் பவேரியக் கோமகன் ஐந்தாம் வில்ஹெல்ம் தொடங்கிய ஹோஃப்பிராய்ஹவுஸ் என்னும் புகழ்பெற்ற மதுச்சாலையின் மாடிக்கூடத்தில்தான், 1920 பிப்ரவரி 24-ஆம் தேதி, தன் கட்சியின் 25 அம்சத் திட்டத்தை ஹிட்லர் படித்தான். யூதன் எவனும் இந்நாட்டுக் குடிமகனாக இருக்க முடியாது என்று அத்திட்டம் சொன்னது. 1923 நவம்பரில் அவன் ஆட்சியைக் கவிழ்க்கப் புறப்பட்டதும் பியூர்கர்பிராய்கெல்லர் என்னும் மற்றொரு மதுச்சாலையிலிருந்தே. மக்கள் கூடி உண்ணும் பலகையைச் சுற்றியே, யாருக்கு இடம் இல்லை என்ற தீர்ப்பும் உரக்க வாசிக்கப்பட்டது.

அந்த இரண்டாவது மதுச்சாலையைப் பற்றி இன்னொன்றும் உண்டு. அதை நான் பல ஆண்டுகளுக்குப் பின்னரே படித்து அறிந்தேன். கியோர்க் எல்ஸர் என்ற தச்சர், 1939-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் அங்கே போனார். தனியாக ஒரு மேசையில் அமர்ந்து மலிவான இராச்சாப்பாட்டை உண்டு, விலையைக் கொடுத்துவிட்டு, பிறர் அறியாமல் கூடத்தின் மேல்மாடத்தில் ஒளிந்துகொள்வார். கதவுகளை அடைத்த பிறகு, ஹிட்லர் நின்று பேசும் மேடைக்குப் பின்னிருந்த தூணைக் கையாலேயே குடைந்து, விடியுமுன் தூளைக் கூட்டி எடுத்துப் போவார். நவம்பர் 8-ஆம் தேதி இரவு அங்கே வைத்த வெடி வெடித்தது. எட்டுப் பேர் மாண்டார்கள். ஹிட்லரோ 13 நிமிஷங்களுக்கு முன்பே கூடத்தை விட்டுப் போயிருந்தான். எல்ஸரைச் சிறையில் வைத்திருந்து, போர் முடியச் சில வாரங்களே இருக்கையில், 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி டாஹவ் முகாமில் கொன்றார்கள். எட்டு உயிர் போன செயலை எளிதாகப் புகழ்ந்துவிட என் மனம் துணியவில்லை. ஆயினும் ஜெர்மானிய விடுதியில் தனியாக உட்கார்ந்து உண்ணும் ஒரு மனிதரைக் காணும்பொழுதெல்லாம் எனக்கு அவர் நினைவு வராமல் இருப்பதில்லை.

அச்சுக்கோப்பாளர் தம் தகப்பனாரைப் பற்றிச் சொன்ன அந்த இரவில்தான், என்னை 'நீ' என்று அழைக்க அனுமதி கேட்டார். அந்த மொழியிலும் நம் மொழியில் போலவே 'நீங்கள்' உண்டு, 'நீ' உண்டு. ஒரே பட்டறையில் இருபது ஆண்டு வேலை செய்தவர்களும் 'நீங்கள்' என்றே அழைத்துக்கொள்வது அப்பொழுது சர்வசாதாரணம். 'நீ' என்பதை வயதில் மூத்தவர்தாம் முதலில் அளிக்கவேண்டும். இளையவன் கேட்கக் கூடாது. அவர் எழுந்து நின்று கையை நீட்டித் தம் பெயரைச் சொன்னார், நானும் எழுந்து என் பெயரைச் சொன்னேன், குவளைகளைத் தொட்டுக்கொண்டோம். தகப்பனார் வயதில் இருப்பவரை 'நீ' என்று அழைக்க என் தமிழ் நாக்கு அன்று முழுவதும் கூசியது. ஆனால் எனக்கு அந்த நாடு கொடுத்தவற்றுள் அதைக் காட்டிலும் பெரியது ஒன்றும் இல்லை.

கோடை வந்ததும் நாங்கள் சுவர்களுக்குள் உண்பதை விட்டு, தோட்டங்களுக்குப் போனோம். பவேரியாவின் இந்தத் தோட்டங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. தீ விபத்துக்கு அஞ்சி, கோடையில் பியர் காய்ச்சக் கூடாது என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே சட்டம் செய்திருந்தார்கள். செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரையே காய்ச்சலாம். ஆகவே குளிர்காலத்தில் காய்ச்சியதைக் கோடைக்குக் காப்பாற்ற, இஸார் ஆற்றின் மேட்டுக்கரையில் ஆழ்ந்த நிலவறைகளைத் தோண்டி, பனிக்கட்டியை நிரப்பி, மேலே வெயில் தாக்காதிருக்கச் சரளைக்கல் பரப்பி, அகன்ற இலையும் மேலோடும் வேரும் உடைய குதிரைச் செஸ்நட் மரங்களை நட்டார்கள். நிழல் இருக்குமிடத்தில் ஜனங்கள் கூடாமல் இருப்பார்களா? நிலவறைக்காரர்கள் அங்கேயே விற்கத் தொடங்க, ஊருக்குள் இருந்த சிறு விடுதிக்காரர்கள் தங்கள் பிழைப்புப் போயிற்று என்று முறையிட்டார்கள். அரசர் முதலாம் மாக்ஸிமிலியன் யோசேப்பு 1812 ஜனவரி 4-ஆம் தேதி ஒரு சமரசம் செய்தார்: ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலவறைக்காரர்கள் பானம் விற்கலாம், ரொட்டியும் தரலாம்; வேறு உணவு எதுவும் பரிமாறக் கூடாது. அப்படியானால் பசித்தவன் என்ன செய்வான்? வீட்டிலிருந்து கட்டி எடுத்து வந்தான். தடை பின்னாளில் நீங்கிவிட்டது, வழக்கம் நீங்கவில்லை. பானத்தை மட்டும் அங்கே வாங்கிக்கொண்டு, உணவை வீட்டிலிருந்து கொண்டுபோய் உண்ணும் உரிமையை அம்மக்கள் விடாமல் காத்துவருகிறார்கள்.

இதைக் கேட்டபொழுது எனக்கு உண்டான ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. ஆடிப்பெருக்கில் கட்டுச்சோற்று மூட்டையோடு ஆற்றங்கரைக்குப் போய் வளர்ந்தவன் நான். ஊரிலிருந்து ஜெர்மனிக்குப் புறப்படும்பொழுது அம்மா ஒரு ஜாடி நிறையப் புளிக்காய்ச்சல் செய்து, மேலே ஒரு விரற்கடை நல்லெண்ணெய் மிதக்கவிட்டு, வாயைத் துணியால் கட்டிக் கொடுத்திருந்தார். அதை நான் கஞ்சன் பொன்னைக் காப்பதுபோலக் காத்து வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சோறு வடித்து, ஆறவைத்து, ஜாடியில் கடைசியாக எஞ்சியிருந்ததை வழித்துப் போட்டுப் பிசைந்து, எவர்சில்வர் சம்புடத்தில் அமுக்கி எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு முன்னதாகவே தோட்டத்தை அடைந்து, மரத்தடியில் ஒரு நீண்ட மேசையைப் பிடித்துக்கொண்டு தனியே உட்கார்ந்தேன். பெஞ்சில் முந்தின இரவு மழையின் ஈரம் இருந்தது. மெல்ல மெல்லத் தோட்டம் நிறைந்தது. கட்டம் போட்ட துணிகளை விரித்தார்கள். கூடைகளிலிருந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெள்ளை முள்ளங்கியும் வெளிவந்தன. முள்ளங்கியை அறுபடாத ஒரே சுருளாகச் சீவி, இழுத்து விரித்து, உப்புத் தூவி வைத்துவிட்டு, அது 'அழும்' வரை பொறுத்திருப்பார்கள். நீர் துளித்துக் காரம் இறங்கிய பிறகே உண்பார்கள்.

நண்பர்கள் இன்னும் வரவில்லை. சுற்றிலும் இடம் தேடி நடப்பவர்கள் பெருகினார்கள். கையில் கூடையோடு ஒரு கிழவரும், அவர் தோளைப் பற்றியபடி ஒரு கிழவியும், பின்னால் பேத்தியாக இருக்கலாம், ஒரு சிறு பெண்ணும் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார்கள். அந்த நகரத்தில் நான் பல பேரிடம் கேட்டிருந்த கேள்வி அது. என்னிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கிழவர் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தலையைச் சற்றே தாழ்த்தி, "இங்கே இன்னும் இடம் இருக்கிறதா?" என்றார்.

"ஆம், உட்காருங்கள்" என்று சொல்லி, சம்புடத்தை என் பக்கமாக நகர்த்திக்கொண்டேன்.